ஸ்லீப்பிங் பேர் உயிர்காப்பு நிலையம்: பிற்பகல் 3 மணியைத் தவறவிடாதீர்கள்

கேள்வி: டெட்ராய்ட் பக்கம் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா, ஒன்பது வயது மகள் எல்லோருமாக ஆகஸ்டில் ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுகளுக்குப் போகிறோம். அப்பாவுக்கு மூட்டுவலி. அங்குள்ள பழைய உயிர்காப்பு நிலையத்தைப் பார்க்க மணல் ஏற வேண்டுமா? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பதில்: மணல் ஏற வேண்டியதில்லை. ஆபத்தில் சிக்கிய கப்பல்களின் ஆட்களை மீட்க வீரர்கள் தங்கியிருந்த அந்த நிலையம் இப்போது க்ளென் ஹேவனில், மிச்சிகன் ஏரிக்கரையில், சமதரையில் இருக்கிறது. 1901-ல் மேற்கே ஸ்லீப்பிங் பேர் முனையில் கட்டினார்கள். மணற்குன்று நகர்ந்து வந்து கட்டடத்தை நெருக்கவே, 1931-ல் இங்கே நகர்த்தினார்கள். கீழ்த்தளத்தை அப்பா சிரமமில்லாமல் பார்க்கலாம். வீரர்கள் படுத்த அறைக்கு மட்டும் மாடிப்படி ஏற வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்குள் பிற்பகல் 3 மணியும் அடங்க வேண்டும். கோடைக்காலத்தில் 3 மணிக்குத்தான் மீட்பு விளக்கம் நடக்கும், அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து ஆட்களை எப்படி மீட்டார்கள் என்று செய்துகாட்டுவார்கள். இரண்டு துணிப் பொம்மைகளை ‘கப்பலில்’ இருந்து கரை சேர்ப்பார்கள். கயிறு இழுக்கக் குழந்தைகளைக் கூப்பிடுவார்கள், மகளை முன்வரிசையில் நிறுத்துங்கள். நேர மாற்றம் இருக்கிறதா என்று பூங்காவின் இணையதளத்தில் முதல்நாள் பார்த்துக்கொள்ளுங்கள். சிகாகோ உறவினர்கள் யாராவது வந்து சேர்ந்துகொள்வதாக இருந்தால், அவர்கள் ஊர் நேரம் ஒரு மணி பின்னால் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீட்புக்குப் பயன்படுத்திய சிறு பீரங்கியை நிஜமாகவே சுட்டுக்காட்டுவது அறிவிக்கப்பட்ட சில நாட்களில் மட்டும்தான். சுடாவிட்டாலும் அதன் பக்கத்தில் நின்று பாருங்கள். லைல் பீரங்கி என்று பெயர். வெண்கலம், குழல் வாய் இரண்டரை அங்குலம், எடை சுமார் 84 கிலோ. யாரையும் கொல்வதற்கல்ல, கரையருகே தரைதட்டிய கப்பலுக்கு மெல்லிய கயிறு எறிவதற்கு. சுமார் 8 கிலோ இரும்புக் குண்டின் தண்டு குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கயிற்றை அந்தத் தண்டில்தான் கட்டுவார்கள், வெடிமருந்தின் நெருப்பு படாமல் இருக்க. முதல் சில அடிக் கயிற்றை நனைத்தும் விடுவார்கள்.

பலர் கவனிக்காமல் கடந்துபோவது பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டியை. என்னைக் கேட்டால் பீரங்கியைவிட அதில்தான் புத்தி அதிகம். முளைகள் வரிசையாக நட்ட பலகையில் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். சுடும் முன் பெட்டியைக் கவிழ்த்து முளைகளை உருவிவிட்டால், கயிறு கோத்த வரிசை கலையாமல் கிடக்கும். ஓரிடத்தில் சிக்கினாலும் குண்டின் வேகத்தில் கயிறு அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

கயிறு கப்பலில் விழுந்ததும், மாலுமிகள் அதைப் பிடித்துக் கப்பியையும் ஓடுகயிற்றையும் இழுத்துக்கொள்வார்கள். கூடவே ஒரு சிறு பலகை போகும்: கப்பியைப் பாய்மரத்தில் எப்படிக் கட்டுவது என்று ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் பிரெஞ்சிலும் எழுதியிருக்கும். அடுத்துப் பெரிய வடம். கப்பிக்கு இரண்டடி மேலே அதைக் கட்டுவார்கள். கரையில் மணலுக்குள் புதைத்த நங்கூரத்தோடு பிணைத்து, கவைக்கால் ஒன்றைக் கொடுத்து உயர்த்துவார்கள். அந்த வடத்தில் ஓடுவதுதான் கித்தான் கால்சட்டை தைத்த மிதவை வளையம். ஒருவர் அதில் காலை விட்டு உட்கார்ந்தால் கரைக்கு இழுத்துவிடுவார்கள். பயிற்சியில் இவ்வளவையும் 5 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும்.

பிறகு படகுக் கொட்டகை. அங்கிருந்து ஏரியை நோக்கிப் போகும் தண்டவாளத்தைப் பாருங்கள், படகைத் தண்ணீரில் இறக்கியது அதன் வழியாகத்தான். எதிரே தெரிவது மானிட்டூ தீவுகள். அவற்றுக்கும் கரைக்கும் இடையிலான குறுக்குவழியில் கப்பல் நெரிசலும் மணல்திட்டும் சேர்ந்திருந்ததால்தான் இங்கே நிலையமே தேவைப்பட்டது.

பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் தவறு, காலையில் முதல் வேலையாக டியூன் க்ளைம்ப் மேட்டில் ஏறுவது. உச்சிக்குப் போனதும் ஏரி தெரியும் என்று நினைப்பார்கள். தெரியாது, அதற்கப்பால் இன்னும் மேடுகள் வரும். ஏரிவரை போய்த் திரும்ப சுமார் 5.6 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். 3 மணி விளக்கம் போய்விடும். உங்களுக்கு நல்லது: காலையில் பியர்ஸ் ஸ்டாக்கிங் சாலையில் காரிலேயே சுற்றிவிட்டு, மதியச் சாப்பாடு முடித்து நிலையத்துக்கு வாருங்கள். அந்தச் சாலையில் 9-ஆம் எண் காட்சிமேடையிலிருந்து ஏரி 450 அடி கீழே இருக்கிறது. இறங்குவது சில நிமிடம். ஏறும்போது பொலபொலவென்று மணல் சரிய, ஒவ்வோர் அடியிலும் பாதி திரும்பிப் போகும். ஏற முடியாமல் போனவர்களை மீட்கக் கட்டணமும் வாங்குகிறார்கள். மகளை அங்கே இறங்கவிடாதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு டியூன் க்ளைம்பின் முதல் மேட்டில் அவள் ஏறி உருளட்டும். தாத்தா பாட்டி கீழே உட்கார்ந்து பார்க்கலாம்.

நிலையத்துக்குத் தனிச் சீட்டு கிடையாது. காருக்கு 25 டாலர் பூங்கா அனுமதி 7 நாளுக்குச் செல்லும். செப்டம்பர் முதல் வாரத் தொழிலாளர் தினம் கழிந்தால் கட்டடம் திறந்திருக்கும் நாட்களும் நேரமும் மாறலாம் என்பதால், பயணத்தை ஆகஸ்டிலிருந்து தள்ளிப்போடாதீர்கள்.