மறுநாளே விமானம் ஏறலாமா?

கேள்வி: நான் எலக்ட்ரீசியன். சுனாமி வந்தபோது எனக்கு எட்டு வயது. முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் வந்து எங்களுக்குக் கொட்டகை போட உதவினார்கள், அது இன்னும் மனதில் நிற்கிறது. இனி எந்த நாட்டிலாவது பூகம்பம் என்றால், சேமிப்பில் உள்ள அறுபதாயிரத்தோடு மறுநாளே கிளம்பிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: போங்கள், ஆனால் மறுநாள் வேண்டாம்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நானும் உங்கள் ஊர்ப் பக்கம் ஓடி வந்தவன்தான். கொட்டில்பாடு போகிற வழியில் பழைய துணியைக் குவியலாகக் கொட்டியிருந்தார்கள், அதில் கம்பளி ஸ்வெட்டர்கூடக் கிடந்தது, குளச்சல் வெயிலுக்கு! நாலு பேரோடு வேனில் வந்து இறங்கிய நான் முதலில் கேட்டது, 'சாப்பாடு எங்கே கிடைக்கும்?' முகாம் வரிசையில் நின்ற ஒரு அக்கா தன் பொட்டலத்தை நீட்டினார். வாங்கித் தின்றேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

2015 ஏப்ரலில் நேபாளத்தில் 7.8 அளவு பூகம்பம், ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. நிவாரண விமானங்கள் இறங்கி இறங்கி அது சேதமாகி, பெரிய விமானங்களையே கொஞ்ச நாள் நிறுத்தவேண்டியதாயிற்று. அந்த நெரிசலில் போய் நின்றால் நீங்களும் ஒரு வயிறு, ஒரு படுக்கை, அவ்வளவுதான். முதல் சில நாள் மோப்ப நாயும் கான்கிரீட் வெட்டும் கருவியும் வைத்திருக்கிற பயிற்சி பெற்றவர்களுக்கானது. 2023-இல் துருக்கிக்கு நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை போனதே, அப்படி.

உங்கள் வேலை அப்புறம்தான் வரும். கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வயரிங் போட ஆள் தேடுவார்கள். அப்போது அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற ஒரு அமைப்பு கூப்பிட்டால் போங்கள். எங்கே தங்கல், எத்தனை வாரம், காயம் பட்டால் யார் பார்ப்பது, என்ன விசா, எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பில் பதிவு செய்யக் காசு கிடையாது, அந்தப் பெயரில் யாராவது பணம் கேட்டால் ஏமாற்று.

அதுவரை சும்மா இருக்க முடியவில்லையா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று இணையத்தில் எல்லோரும் சேர்ந்து வரைகிற ஒரு இலவச வரைபடம் இருக்கிறது. அதில், நிவாரணத்துக்குப் போகிறவர்களுக்கு வழி தெரிய, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஊர், வீடு, பாதைகளை வரைந்து கொடுக்கலாம். நேபாளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீட்டிலிருந்தே வரைந்தார்கள். ஒரு லேப்டாப் போதும், அறுபதாயிரத்தைத் தொடவே வேண்டாம்.