நடைபாதையில் ஜல்லி: 'பர்மிஷன் இருக்கு' என்றால் நம்பிவிடாதீர்கள்

கேள்வி: சென்னை வளசரவாக்கத்தில் இருக்கிறோம். பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்புகிறது. எம்-சாண்ட், ஜல்லி, கம்பி எல்லாம் நடைபாதையில்தான். என் மாமியாருக்கு 74 வயது. பஸ் போகிற ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார். கேட்டால், 'கார்ப்பரேஷன் பர்மிஷன் இருக்கும்மா' என்கிறார் மேஸ்திரி. எங்கே புகார் கொடுப்பது?

பதில்: மேஸ்திரி பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார். அவர்களிடம் இருப்பது கட்டட அனுமதி. அது மனையின் எல்லைக்கோட்டோடு முடிந்துவிடும். நடைபாதையில் பொருள் இறக்க அந்தக் காகிதம் செல்லாது. அடுத்த முறை, "நடைபாதைக்கு எழுத்தில் என்ன வாங்கியிருக்கிறீர்கள், எந்தத் தேதி வரைக்கும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாரிமுனை, சௌகார்பேட்டை மாதிரி பழைய தெருக்களில் சுவரே தெருவோரத்தில் நிற்கும். அங்கே பூச்சு வேலைக்குச் சாரம் கட்ட வெளியே கால் ஊன்றித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அப்போதும் எழுத்தில் அனுமதி வேண்டும், நாள் கணக்கு வேண்டும், பச்சை வலை கட்ட வேண்டும், கீழே ஆள் போக வழி விட வேண்டும். சாரத்துக்குக் கிடைத்த அனுமதியைக் காட்டி அதன் அடியில் சிமென்ட் மூட்டை அடுக்கினால் அதுவும் ஆக்கிரமிப்புதான். உங்கள் பக்கத்து மனையைச் சுற்றி இடம் விட்டுத்தானே கட்டுகிறார்கள்? அவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

புகாரை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் செய்து சொல்லுங்கள். 'நடக்க இடமில்லை' என்பதோடு நிறுத்தாதீர்கள். சென்னையில் பல தெருக்களில் நடைபாதைக்கு அடியில்தான் மழைநீர் வடிகால் ஓடுகிறது. கொட்டிய மணல் அதற்குள் இறங்கும், ரெடிமிக்ஸ் லாரி ஏறினால் மூடியே உடையும். 'வடிகால் அடைபடுகிறது' என்ற வரியைச் சேருங்கள். மனிதர் நடப்பதைவிட வடிகாலுக்குத்தான் அலுவலகத்தில் சீக்கிரம் அசைவு தெரியும். வெட்கக்கேடு, ஆனால் நடைமுறை அதுதான். தேதியோடு படம் எடுங்கள். கதவு எண்ணோ மின்கம்பமோ அதில் தெரியட்டும்.

'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்து, மணல் அங்கேயே கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மறுபடி புகார் செய்துவிட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த முகவரியில் நடைபாதையைப் பயன்படுத்த அனுமதி தரப்பட்டதா, தந்திருந்தால் நகல் எங்கே? 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த மனு மண்டல அலுவலகத்துக்குள் போனதுமே சில இடங்களில் ஜல்லி தானாக உள்ளே போய்விடும்.

போலீசிலும் சொல்லலாம். பொதுவழியை மறிப்பது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் அதிகபட்சம் 5,000 ரூபாய். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் வெறும் 200. ஒரு லாரி எம்-சாண்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராத அபராதத்துக்கு எந்த பில்டர் பயப்படுவார்? கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், தடையில்லாத நடைபாதை, உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2022-இல் மட்டும் நாட்டில் 32,825 பாதசாரிகள் சாலை விபத்தில் இறந்தார்கள். இதற்கு மேலும் என்ன சொல்ல வேண்டுமோ தெரியவில்லை.

இடையில் இரண்டு பேர் வருவார்கள். 'மண்டல ஆபீசில் ஆள் தெரியும், மூவாயிரம் கொடுங்க, மனுவை நகர்த்துறேன்' என்பார் ஒருவர். 1913-க்குக் காசு கிடையாது. உங்களிடம் வாங்கிய கையோடு அவர் பில்டரிடமும் போவார், உங்கள் பெயரோடு. இன்னொருவர் சைட்டிலிருந்தே வருவார்: 'உங்க காம்பவுண்டுக்குப் பெயின்ட் அடிச்சுத் தர்றோம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.' ஒரு வாளி பெயின்ட்கூட வாங்காதீர்கள். பிறகு நீங்கள் புகார் செய்தால், 'பேரம் படியாததால் மிரட்டுறாங்க' என்று திருப்பிவிடுவார்கள். பேச்சு எல்லாம் வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக இருக்கட்டும்.

வழி திறக்கும் வரை மாமியாரை எதிர்ப்பக்க நடைபாதையில் அழைத்துப் போங்கள். அதுவும் இல்லையென்றால் சாலையின் வலது ஓரமாக, வண்டிகள் எதிரே வருவது கண்ணில் படும்படி நடக்கட்டும். சிதறிய எம்-சாண்டில் பைக்குகள் சறுக்கும் என்பதால் குவியலை ஒட்டிப் போக வேண்டாம். கான்கிரீட் போடுகிற நாளை மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்றைக்கு அந்தப் பக்கமே வேண்டாம்.