முக்கால் அணு எங்கே இருக்கும்?

அன்புள்ள ஐயா,

ஈ.கோலை பாக்டீரியா, தனக்குள் மிதக்கும் துத்தநாகம் ஓர் அணுவுக்கும் குறைவாக இருக்கும்போதே அதை உணர்ந்து மரபணுக்களை இயக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். இருபது வருடமாகப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். அணு ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. முக்கால் அணு எங்கே இருக்கும்?

ஒரு ஆசிரியை

வணக்கம் டீச்சர்,

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். என் வாக்கியம்தான் கோணல்.

அந்தக் கணக்கு 2001இல் கேரின் அவுட்டனும் தாமஸ் ஓஹாலரனும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. ஈ.கோலை செல் ஒன்றுக்குள் மொத்தம் சுமார் 2 லட்சம் துத்தநாக அணுக்கள் உண்டு. துத்தநாகத்தை உணரும் புரதங்களைச் சோதனைக்குழாயில் வைத்து, எவ்வளவு தனி அயனி இருந்தால் அவை அசைந்து கொடுக்கின்றன என்று பார்த்தார்கள். விடை ஃபெம்டோமோலார் அளவில், அதாவது நம்ப முடியாத அளவுக்கு நீர்த்த செறிவில் வந்தது. செல்லின் கொள்ளளவுக்கு அதைக் கணக்குப் போட்டால், ஓர் அணுவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நீங்கள் கேட்ட முக்கால் அணு எவ்வளவோ தேவலை!

சோதனைக்குழாயில் அது சமநிலைச் செறிவு, அதாவது புரதத்தில் ஒட்டுவதும் விடுவதும் சமமாக நடக்கும்போது தனியாக மிஞ்சும் அளவு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செல்லுக்குள் வந்தால், தனியாகத் திரியும் துத்தநாகம் அங்கே கிட்டத்தட்ட கிடையாது என்று அர்த்தம். சில பணக்காரர்கள் சட்டைப்பையில் பத்து ரூபாய்கூட இருக்காது, எல்லாம் கொடுக்கல் வாங்கலில் கிடக்கும். அப்படித்தான். 2 லட்சம் அணுக்களும் கிட்டத்தட்ட முழுக்க, புரதம் போன்ற ஏதாவது ஒரு மூலக்கூறின் பிடியில் இருக்கின்றன. உணரியிடம் அணு வந்து சேர்வதும் அநேகமாக இப்படிக் கைமாறித்தான்.

வந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இசட்.என்.டி.ஆர் என்ற உணரி, துத்தநாகம் வருவதற்கு முன்பே டி.என்.ஏ.வில் உட்கார்ந்திருக்கும். அங்கே, மரபணுவைப் படிக்கும் நொதி பற்றிக்கொள்ள வேண்டிய இரண்டு இடங்களுக்கு நடுவில் வழக்கமான 17 எழுத்துகளைவிடச் சில எழுத்துகள் அதிகம். டி.என்.ஏ. முறுக்குக் கயிறு அல்லவா, அந்தச் சில எழுத்துகளாலேயே இரண்டு இடங்களும் வேறு வேறு பக்கம் திரும்பிவிடுகின்றன. நொதி வந்தாலும் வேலை நடக்காது. துத்தநாகம் வந்து ஒட்டியதும் உணரி கயிற்றின் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறது, இரண்டும் ஒரே பக்கம் வருகின்றன. அப்புறம், துத்தநாகத்தை வெளியே தள்ளும் பம்பு தயாராகிறது. உள்ளே இழுக்கும் பம்பை நிறுத்துவது ஸுர் என்ற இன்னொரு புரதம்.

பழைய கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன்: “தனியாக ஓர் அணுகூட இல்லாத செல்லில்” என்று.