நிலத்தை விற்று பாஸ்டன் அனுப்பலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் கிராமம் எங்களுக்கு. மகன் பி.காம். கடைசி வருடம். சின்ன வயதிலிருந்து சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறான். லண்டன் டிரினிட்டி இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு பாஸ். இரண்டு வருடமாக ஜாஸ், ஜாஸ் என்று அந்த அமெரிக்க இசையிலேயே கிடக்கிறான். அமெரிக்காவில், பாஸ்டனில் பெர்க்லீ என்ற இசைக் கல்லூரியில் படித்தால்தான் எதிர்காலம் என்கிறான். இருக்கிற ஆறு மா நிலத்தில் (சுமார் இரண்டு ஏக்கர்) பாதியை விற்று அனுப்பலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். என் அண்ணனோ பேங்க் பரீட்சைக்கு உட்கார வை என்கிறார். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, நிலத்தைத் தொடாதீர்கள். இப்போதைக்காவது.

பெர்க்லீ நல்ல இடம்தான். ஆனால் தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு இரண்டு கோடிக்குக் குறையாது. மூன்று மா எந்த மூலைக்கு? மாணவர் விசாவில் முதல் வருடம் கல்லூரிக்கு வெளியே வேலை பார்க்கவும் முடியாது. அங்கே போய் வாசித்துச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று பையன் கணக்குப் போட்டிருந்தால் அது நடக்காது. உதவித்தொகை உண்டு, அதுவும் ஆடிஷனில், அதாவது சேர்வதற்கு முன் வாசித்துக் காட்டும் தேர்வில், எப்படி வாசிக்கிறான் என்பதைப் பொறுத்தது.

அந்த ஆடிஷனுக்கு அவன் தயாரா என்பதுதான் என் கேள்வி. எட்டாம் கிரேடு என்றால் பெரும்பாலும் எழுதியிருப்பதைச் சுத்தமாக வாசிக்கத் தெரியும் என்று அர்த்தம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் தோடி ராகத்தை விரித்த ஊர்ப்பக்கம் உங்களுடையது, கற்பனையாக வாசிப்பது என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாஸிலும் மெட்டு சின்னது. அதன்மேல் அந்த நிமிடத்தில் கட்டுவதுதான் வாசிப்பு. அதைத் தனியாக உட்கார்ந்து ஓரளவுக்குத்தான் பழக முடியும்.

ஒன்று கவனித்துப் பாருங்கள். தனியாகவே வாசித்து வளர்ந்த பையனுக்கு இடது கை ஓயாது; பேஸ் என்கிற அடிநாதம், தாளம் எல்லாவற்றையும் அதுவே சுமக்கும். பேஸ் கிட்டார்காரரும் டிரம்மரும் பக்கத்தில் வந்துவிட்டால் அந்தக் கை பாதி நேரம் சும்மா இருக்கவேண்டும். நடுநடுவே இரண்டு, நான்காம் அடிகளை ஒட்டி ஒரு கார்டு (சில சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) வைத்தால் போதும். கேட்கச் சுலபம், பழகுவதற்குள் விரல் நோகும். யூடியூபில் பக்கவாத்திய டிராக் போட்டு வாசிக்கிறானே என்பீர்கள். டிராக் இவனைக் கேட்காது. இவன் தடுமாறினால் அது காத்திருக்காது, இவன் ஏதாவது புதிதாகச் செய்தால் பதிலும் சொல்லாது.

அதனால் அவனுக்கு இப்போது தேவை கூட வாசிக்க ஆட்கள். டிகிரியை முடிக்கட்டும், அதில் பேரமே கிடையாது. அப்புறம் இரண்டு வருடம் சென்னை. ரகுமான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. சேர வசதிப்படாவிட்டாலும் வாசிக்கிறவர்களைத் தேடிப் பிடிக்கலாம். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை.

வருமானம்? ஜாஸை மட்டும் வாசித்து நம் ஊரில் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. ஹோட்டல் லாபி, கல்யாண ரிசப்ஷன், ஸ்டுடியோ, குழந்தைகளுக்கு கீபோர்டு வகுப்பு என்று நாலைந்தைச் சேர்த்துத்தான் மாதம் ஓடும். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கையைக் கடிக்கும். இதை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். விஜய் ஐயர் என்ற ஜாஸ் பியானோக்காரர் இருக்கிறார், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. படித்தது கணிதமும் இயற்பியலும். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். இன்று ஹார்வர்டில் இசைப் பேராசிரியர். வேறு படிப்பு அவர் இசையைக் கெடுக்கவில்லை. ஆனாலும் மனசில்லாத பையனை பேங்க் கோச்சிங்கில் தள்ளினால் ஃபீஸ்தான் போகும். சென்னை இரண்டு வருடத்தில் சரிப்படவில்லை என்றால் அப்போது எழுதட்டும், வயது இருக்கிறது.

செலவு செய்தே ஆகவேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தோன்றினால், பையன் வைத்திருப்பது 61 கட்டைக் கீபோர்டா என்று பாருங்கள். அப்படியானால் 88 கட்டை உள்ள, அழுத்தினால் கனம் தெரிகிற டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். நிஜப் பியானோ வேண்டாம், சுருதி சேர்க்க ஆள் தேடியே அலுத்துப்போவீர்கள்.