எழுதிப்போடுவது கைவிடுவதா?

வணக்கம் அக்கா,

கனடாவில், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு 79 வயது, மறதி நோய். இரவில் எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுகிறார். முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு (ஹோம்) விண்ணப்பம் எழுதிப்போடச் சொல்கிறார் வைத்தியர். “இரண்டு வேலை செய்து உன்னை வளர்த்த மனுசனைக் கொண்டுபோய் விடப்போறியோ?” என்று அம்மா அழுகிறார். படிவத்தைத் திறப்பதும் மூடுவதுமாக ஐந்து மாதம் போய்விட்டது.

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கச்சி,

எழுதிப்போடுவது வேறு, கொண்டுபோய் விடுவது வேறு. அப்பாவுக்கு விளங்கி முடிவெடுக்கும் திறன் இருக்கும்வரை ஒப்புதல் அவருடையது. அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. இதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்.

விண்ணப்பம் ‘ஒன்டாரியோ ஹெல்த் அட்ஹோம்’ என்ற மாகாண அரசு அமைப்பின் வழியாகப் போகும். ஐந்து இல்லங்கள் வரை நீங்களே குறிக்கலாம். இடம் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும், ஐந்து நாளுக்குள் போகவேண்டும். மறுத்தால் எல்லாப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுபடும். நிலைமை மாறினாலொழிய 12 கிழமைக்கு மறுபடி போட முடியாது. அதனால் நேரில் போய்ப் பார்த்து, மனம் ஒப்பிய இல்லத்தை மட்டும் எழுதுங்கள்.

தள்ளிப்போடுவதை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன். அப்பா விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்து, இனி அங்கே சிகிச்சை தேவையில்லை என்றாகிவிட்டால், 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி தென் ஒன்டாரியோவில் 70 கிலோமீட்டருக்குள் ஓர் இல்லத்தை இடம் ஒதுக்கும் அதிகாரி உங்கள் சம்மதமில்லாமலே தெரிவுசெய்யலாம். போக மறுத்தால் ஆஸ்பத்திரிக்கு நாளுக்கு 400 டாலர் கட்டவேண்டும். சோறும் தமிழும் கிடைக்கும் இடமா என்று பார்க்க அப்போது அவகாசம் இராது.

அப்பாவின் நிலையை மதிப்பிட அந்த அமைப்பிலிருந்து ஆள் வரும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். “தானாகக் குளிக்கிறாரா?” என்றால் அப்பா “ஓம், ஓம்” என்பார். அவர் மானம் போகக்கூடாதென்று நீங்களும் அதையே ஆங்கிலத்தில் சொல்வீர்கள். பவுடர் பூசிய கழுத்துக்குக் கீழே மூன்று நாள் குளிக்காத உடம்பு இருப்பது தாளில் ஏறாது. கிடைக்கும் உதவி மணித்தியாலம் குறைந்துபோகும். இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினார், எந்தக் கதவு, எத்தனை தரம் உடுப்பு நனைந்தது. அதை அப்படியே கொடுங்கள். கதவு திறந்தால் ஒலிக்கும் மணியொன்றை இன்றைக்கே பொருத்துங்கள்.

அப்பா இல்லத்துக்குப் போனபிறகும் பிள்ளைக்கு வேலை இருக்கிறது. பின்னால் படித்த ஆங்கிலம் பலருக்கு முதலில் மறந்துபோகும். ‘தண்ணி’, ‘நோகுது’, ‘மூத்திரம்’, ‘குளிருது’ என்ற சொற்களை ஆங்கில எழுத்தில், ஆங்கிலப் பொருளோடு பெரிதாக எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். இரவு வேலைக்கு வருபவர் அதைப் பார்த்து வாசிப்பார்.