"ஒல்லாந்தர் வீடு" என்று ஒப்பந்தத்தில் எழுதலாமா?

கேள்வி: திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் இருக்கும் எங்கள் அம்மாவழிப் பழைய வீட்டை ஆடம்பர ஹோட்டலாக்க ஒரு கம்பனி நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்கிறது. "ஒல்லாந்தர் காலத்து மாளிகை" என்று ஒப்பந்தத்தில் போட்டால் விலை கூடும் என்கிறார் தரகர். போடலாமா?

பதில்: ஆதாரம் இல்லாமல் போடாதீர்கள். இங்கே ஒல்லாந்தர் ஆட்சி 1795 இல் முடிந்தது. தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமோ 1815 மார்ச் 2 க்கு முந்தியதை மட்டுமல்ல, முந்தியதென நம்பப்படுவதையும் தொன்மைச் சின்னம் என்கிறது. விலைக்காகச் சேர்க்கும் அந்தச் சொல்லே தொல்பொருள் திணைக்களத்தை உங்கள் வாசலுக்கு அழைத்துவரும். பாதுகாக்கப்பட்ட சின்னமென வர்த்தமானியில் வந்துவிட்டால், சொந்தக் காணியென்றாலும் அனுமதியின்றிச் சுவரில் கைவைக்க முடியாது. ஹோட்டல் வேலை நின்றால் கம்பனி உங்களைத்தான் பிடிக்கும். தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

தரகர்கள் காலிக் கோட்டையிலுள்ள அமன்கல்ல ஹோட்டலைக் காட்டுவார்கள். அது 1684 இல் ஒல்லாந்தர் கட்டி, 1860களில் நியூ ஓரியன்டல் ஹோட்டலானது. அதற்குப் பதிவு உண்டு. தடித்த சுவரும் உயர்ந்த கதவும் பதிவாகா. ஆங்கிலேயர் காலத்திலும் அப்படித்தான் கட்டினார்கள்.

காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, முன்னுறுதிகளை (காணியின் முந்திய உறுதிகளை) ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பாருங்கள். காணியை விவரிக்கும் அட்டவணையில் காணியோடு "கல்வீடு" முதன்முதலில் எந்த உறுதியில் வருகிறது என்பதே தேவை. காணியின் வயது வீட்டின் வயதல்ல.

அடுத்தது கூரை. தயாரித்த கம்பனியின் முத்திரையுள்ள மங்களூர் ஓடு 1860களுக்கு முன் கிடையாது. ஆனால் ஓடு கூரையின் வயதைத்தான் சொல்லும். அரைவட்டப் பீலி ஓடுகளை இறக்கிவிட்டு மங்களூர் ஓடு போட்ட வீடுகள் உண்டு. சுவர் உச்சியில் மர உத்தரங்கள் இருந்த பழைய தீராந்தித் துளைகள் அடைக்கப்பட்டிருந்தாலோ, மேல்வரிசைகளில் கல்லும் சாந்தும் மாறியிருந்தாலோ சுவர் கூரையைவிட மூத்தது. இடித்த வீட்டுப் பீலி ஓடுகளை வாங்கிப் புது வீட்டுக்குப் போட்டதும் உண்டு. ஓடுகளை மட்டும் பார்த்து எழுதித் தரும் "வயதுச் சான்றிதழ்" எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

வீடு வர்த்தமானியில் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழிலேயே, தொல்பொருள் திணைக்களத்திடம் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். இதற்கு ஆள் பிடிக்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் ஆவணங்களுக்கு மட்டும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகவேண்டும். தன் ஊர் வீட்டின் கதையை அறிய இன்றும் கொழும்புக்கு அலையவேண்டியிருப்பது அநியாயம்.

ஆதாரம் கிடைக்கும்வரை, "பழைய கல்வீடு, அதன் வயதுக்கு உரிமையாளர் உத்தரவாதம் தரவில்லை" என்று எழுதும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள்.