பவளத் தொட்டியில் ஐப்டேசியா: மயில்துத்தம் வேண்டாம், சுண்ணாம்பு போதும்

கேள்வி: ஐயா, வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்களுடையது கடலோரக் கிராமம். கோமாளி மீன் குஞ்சுகளை வாங்கி வளர்த்து விற்கிறோம். வாங்க வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று 100 லிட்டரில் தனியாக ஒரு பவளத் தொட்டியும் வைத்திருக்கிறேன். தொட்டி வளர்ப்பைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து லைவ் ராக் எனும் உயிர்கள் குடியிருக்கும் கடல் கற்கள், கொஞ்சம் மென்பவளம், பட்டன் பாலிப் எனும் பட்டன் வடிவப் பவள வகை உயிர் எல்லாம் வாங்கி வைத்தேன். இரண்டு மாதத்தில் கல் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கடல் சாமந்திகள் முளைத்துவிட்டன. சுரண்டி எடுத்தேன், இன்னும் அதிகமாகிவிட்டது. இரவில் விரல் நீளத்துக்கு முடி முடியாக ஒரு புழு வெளியே வருகிறது. டிக் டிக் என்று சத்தமும் கேட்கிறது. கண்ணாடியில் பொடிப்பொடியாக வெள்ளை நத்தைகள் வேறு. மயில்துத்தம் கரைத்து ஊற்றச் சொல்கிறார் ஒருவர். கற்களை எடுத்துக் கொதிக்க வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: வணக்கம் அம்மா. இரண்டையுமே செய்ய வேண்டாம். ஏற்கெனவே மயில்துத்தம் வாங்கி வைத்திருந்தால் அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால், கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டியில் மீனை விட்டு, செம்பை அளந்து போட்டு மருத்துவம் செய்வது உண்டு. ஆனால் பவளம், இறால், நத்தை, புழு எல்லாவற்றுக்கும் செம்பு விஷம். 100 லிட்டர் தண்ணீரில் கல்லுக்குள் இருக்கும் உயிர்கள் எல்லாம் ஒரே நாளில் செத்தால் அம்மோனியா ஏறி மீனும் போய்விடும். அதோடும் முடியாது. கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். அந்தக் கல்லை மறுபடி பவளத் தொட்டிக்குப் பயன்படுத்த முடியாது.

கொதிக்க வைப்பது இதைவிட ஆபத்து. அதுவும் ஆபத்து உங்களுக்கு. பட்டன் பாலிப் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாய் தீவில் இந்த வகை உயிரிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கல்லைக் கொதிக்க வைத்தாலோ, வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலோ ஆவியோடு நஞ்சும் கிளம்பி மூச்சில் போகும். இப்படி வீட்டிலேயே குடும்பத்தோடு மயங்கி மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. பட்டன் பாலிப் இருக்கும் கல்லைத் தொடும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டி வேலை வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, இப்போது கல்லில் முளைத்ததைப் பார்ப்போம். நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது ஐப்டேசியா என்ற சின்னக் கடல் சாமந்தி. ஒல்லியான தண்டு, மெல்லிய நீண்ட கைகள், ஒளி ஊடுருவுகிற பழுப்பு நிறம். கிட்டே போனால் சட்டென்று பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும். வயலில் கோரையைக் கொத்தினால் கிழங்கு அறுந்து கூடுதலாக முளைக்கிறதல்லவா, இதுவும் அதே குணம்தான். அடிப்பாதத்தின் ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தால் போதும், அது தனி உயிராக வளர்ந்துவிடும். சுரண்டியதால்தான் உங்களுக்கு இத்தனை பெருகியது. இனிமேல் அதைச் சுரண்டவோ நசுக்கவோ கூடாது.

இதற்கு நான் சொல்வது சுண்ணாம்பு. தூய கால்சியம் ஹைட்ராக்சைடு தூள் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்பு வேண்டாம், நிறமும் வாசனையும் கலந்திருக்கலாம். ஆர்.ஓ. தண்ணீரில் தூளைக் குழைத்து, சிரிஞ்சு ஊசியில் அடைக்காமல் இறங்கும் அளவுக்குக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லி சிரிஞ்சு போதும். வேவ் மேக்கர் எனும் அலை எழுப்பும் மோட்டார், ஃபில்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நின்றதும் ஊசியை மெதுவாகக் கொண்டுபோய், கைகளுக்கு நடுவில் இருக்கும் வாயின் மேல் சுண்ணாம்பை விடுங்கள். அவசரப்பட்டு இடித்தால் பொந்துக்குள் போய்விடும், அன்றைக்கு அதை விட்டுவிட வேண்டியதுதான். இரை என்று நினைத்துச் சிலது தானே விழுங்கும். அதன் மேலேயும் பொந்தின் வாயிலும் இன்னும் கொஞ்சம் விட்டு மூடிவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து மோட்டாரைப் போடலாம். பக்கத்தில் இருக்கும் பவளத்தின் மேல் சுண்ணாம்பு படிந்தால் அந்த இடம் வெந்துபோகும், கவனம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க ஆசை வரும். வேண்டாம். சுண்ணாம்புக் குழம்பின் பிஹெச், அதாவது காரத்தைக் காட்டும் அளவு, 12க்கு மேல். உங்கள் தொட்டித் தண்ணீர் 8.1 முதல் 8.3 வரை இருக்க வேண்டியது. சின்னத் தொட்டி என்பதால் நாலைந்துக்கு மேல் ஒரு நாளில் கை வைக்காதீர்கள். முன்னும் பின்னும் பிஹெச் பாருங்கள், பழைய அளவுக்கு இறங்கிய பிறகு அடுத்த சுற்று. பெரியவற்றை முதலில் முடியுங்கள், குஞ்சு விடுவது அவைதான். கல்லின் பின்பக்கத்திலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை பார்க்கும் வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். மூடிய கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

இறால் விட்டால் தின்றுவிடுமே என்று கேட்பீர்கள். பெப்பர்மின்ட் இறால் தின்னும், உண்மைதான். ஆனால் வேறு தீனி தாராளமாகக் கிடைத்தால் ஐப்டேசியாவைத் திரும்பிப் பார்க்காது. அப்புறம், அதே போல இருக்கும் ஒட்டக இறாலை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். முதுகில் திமில் தூக்கியபடி, சிவப்பு உடலில் வெள்ளைக் கோடும் புள்ளியும் அழுத்தமாகத் தெரிந்தால் அது ஒட்டக இறால். மென்பவளத்தையும் பட்டன் பாலிப்பையும் கடித்துவிடும். பெர்கியா என்ற சின்னக் கடல் ஓடில்லா நத்தை ஐப்டேசியாவை மட்டுமே தின்று வாழ்கிறது. கிடைத்தால் அருமை, ஐப்டேசியா தீர்ந்ததும் பட்டினியில் செத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனைச் சிலர் சொல்வார்கள். 100 லிட்டரில் அந்த மீனை அடைப்பது பாவம், விடவே கூடாது.

முடி முடியாக வரும் புழுவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இளஞ்சிவப்பு உடல், இரண்டு பக்கமும் வெள்ளை முடிக் கற்றை என்றால் அது பெரும்பாலும் துப்புரவு செய்யும் புழு. மீன் தின்னாமல் விட்டதையும் செத்ததையும் கல் இடுக்கில் போய்த் தின்னும். நான் அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். வெறுங்கையால் தொட்டால் மட்டும் முடி தோலில் ஏறி எரியும். அப்படி ஆனால் செல்லோ டேப்பை ஒட்டி உரித்து எடுத்து, காடி (வினிகர்) தடவுங்கள். இந்தப் புழு திடீரெனப் பெருகினால் தொட்டியில் தீனி மிச்சமாகிறது என்று அர்த்தம். மட்டி இறைச்சியும் ஆர்டீமியா என்ற பொடி இறால் தீனியும் ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுக்குக் குறையுங்கள். ஐப்டேசியாவும் அந்த மிச்சத்தில்தான் கொழுக்கிறது. தீனியைக் குறைக்காமல் சுண்ணாம்பு மட்டும் வைத்தால் வருடம் முழுக்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வேறு ஒரு புழு இருக்கிறது. உலோகம் போலப் பளபளக்கும் கரும்பழுப்பு, தலையில் ஐந்து உணர்கொம்பு, வலுவான தாடை. அது யூனிஸ் இனம். 2009இல் இங்கிலாந்தின் நியூகுவே நகரில், பொதுமக்கள் பார்க்கும் கடல் காட்சியகத் தொட்டி ஒன்றில் பவளங்கள் துண்டாகிக்கொண்டே இருந்தன. கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது நாலடி நீளத்துக்கு இப்படி ஒரு புழு கிடைத்தது. கல்லோடு சின்னதாக உள்ளே வந்து வளர்ந்தது. உங்களிடம் பவளம் வெட்டுப்பட்டோ மீன் காணாமலோ போகவில்லை என்பதால் இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை.

வெள்ளை நத்தைகள் கண்ணாடியில் மட்டும் இருந்தால் பாசி மேய்பவை, விட்டுவிடுங்கள். பெரிய நத்தையின் ஓட்டு விளிம்பிலோ சிப்பியின் மேலோ கூட்டமாக ஒட்டியிருந்தால் மட்டும் ஒட்டுண்ணியாக இருக்கலாம், பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும்.

டிக் டிக் சத்தத்துக்கு இரண்டு பேரில் ஒருவர் காரணம். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த பிஸ்டல் இறால் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், மீனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. மான்டிஸ் இறால் என்றால் வெளியேற்றியே ஆக வேண்டும். நத்தை ஓடு உடைந்து கிடப்பது, நண்டின் கால்கள் தனியாகக் கிடப்பது எல்லாம் அதன் அடையாளம். வலையில் வருவதை உங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். விரலைக் கிழித்துவிடும். டார்ச்சில் சிவப்பு செலோஃபேன் தாள் சுற்றி, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்கு அவ்வளவாக ஓடி ஒளியாது. எந்தக் கல்லில் எந்தப் பொந்து என்று தெரிந்ததும், அந்தக் கல்லை மட்டும் எடுத்து, கடல் நீர் உள்ள வாளிக்கு மேல் பிடித்து, பொந்துக்குள் சாதா சோடாவைப் பீச்சுங்கள். இனிப்பு, எலுமிச்சை எதுவும் கலக்காத சோடா. கரியமில வாயுவில் மூச்சுத் திணறி அதுவே வாளியில் வந்து விழும். இடுக்கியால் பிடித்துத் தனி டப்பாவில் போடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை உங்கள் குஞ்சுத் தொட்டிகள் பற்றி. வருமானம் அங்கேதானே இருக்கிறது. தினமும் ஆர்டீமியா விழும் தொட்டிக்குள் ஐப்டேசியா ஒன்று போய்ச் சேர்ந்தால் கண் மூடித் திறப்பதற்குள் பெருகும். மிகச் சின்னக் குஞ்சுகளைக் கொட்டிப் பிடித்துத் தின்றும்விடும். பவளத் தொட்டிக்கு வலை, டியூப், வாளி எல்லாம் தனியாக வைத்து, பார்த்தவுடன் தெரிகிற மாதிரி நிறம் மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டியில் கை வைத்தால் நல்ல தண்ணீரில் முழங்கை வரை கழுவிய பிறகே குஞ்சுகளிடம் போங்கள். குஞ்சுத் தொட்டியில் ஏற்கெனவே வந்திருந்தால் அங்கே வேலை சுலபம். கல் கிடையாது என்பதால் மீனை மாற்றிவிட்டு, பிளீச்சிங் கரைசலால் கழுவி, சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறித்து, அலசி, வெயிலில் நன்றாகக் காய வைத்து மறுபடி நிரப்பலாம்.

இனி பவளம் எதை வாங்கினாலும் 40 லிட்டரில் ஒரு தனித் தொட்டியில் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 6 வாரம் வைத்த பிறகு உள்ளே விடுங்கள். வந்த அன்றே அது ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை உடைத்துப் போட்டுவிட்டு, வேறு கட்டையில் ஒட்டுங்கள். முட்டையும் ஐப்டேசியாவும் ஒளிந்து வருவது அந்த அடிக்கட்டையில்தான். அயோடின் கரைசலில் முக்கி எடுத்தால் புழுவும் ஓடில்லா நத்தையும் உதிரும், ஆனால் முட்டை சாகாது. அதனால் வாரம் ஒருமுறை திரும்ப முக்க வேண்டும்.

கல்லுக்குக் கடலுக்குப் போகாதீர்கள். பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த கிளை கரையில் கிடந்தாலும் எடுப்பது குற்றம்தான். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா வேறு. உங்களிடம் கல் விற்றவர் அதை எங்கே வாங்கினார் என்று கேட்டு, பில் இருந்தால் வாங்கி வையுங்கள். அடுத்து வேண்டுமானால் சிமென்ட்டில் வார்த்த செயற்கைக் கல்லை வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பயன்படுத்தலாம். அதில் ஒட்டிக்கொண்டு எதுவும் வராது.

பிடித்த மான்டிஸ் இறாலையும், எடுத்த கழிவையும், மாற்றிய தண்ணீரையும் கடலில் ஊற்றவே கூடாது. கடலில் இருந்து வந்ததுதானே என்று தோன்றும், ஆனால் எந்தக் கடலில் இருந்து வந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. நம் பக்கத்துக் கடல்களில் வாழும் சிங்கமீன் 1985இல் ஃப்ளோரிடா கரையில் தென்பட்டது. வளர்ப்புத் தொட்டியிலிருந்து விடப்பட்டவை என்றே கருதுகிறார்கள். இன்று கரீபியன் பவளத்திட்டு முழுக்க அது பரவி, அங்கே இருக்கும் சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. நம் குருசடைத் தீவிலேயே, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி பவளங்களின் மேல் படர்ந்ததை 2008இல் பதிவு செய்தார்கள். தண்ணீரில் பிளீச்சிங் கலந்து ஒரு நாள் வைத்து, கடலோடும் வாய்க்காலோடும் சேராத இடத்தில் ஊற்றுங்கள். கழிவையும் செத்ததையும் வெயிலில் காய வைத்துக் குழி தோண்டிப் புதையுங்கள்.

முதல் வாரச் சுண்ணாம்பு வேலை முடிந்ததும் கல்லின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் விளக்கொளியில் படம் எடுத்து அனுப்புங்கள். சத்தம் போடும் இறால் எது என்று பார்த்துவிட்டால் அதையும் எழுதுங்கள்.